எண்ணாலும் எழுத்தாலும்

போன மாதம் பென்ஷன் நேர்காணல் பற்றி எழுதியதற்கு நிறையப் பேர் போனில் கூப்பிட்டுப் பேசினீர்கள். நன்றி. இந்தத் தடவை, பென்ஷன் வாங்குகிற நம் வயதுக்காரர்கள் பலருடைய வீட்டில் இருக்கிற ஒரு மாத்திரையைப் பற்றி எழுதுகிறேன். அதன் பெயர் மெத்தோட்ரெக்ஸேட். சொரியாசிஸ் என்கிற செதில் படைக்குக் கொடுப்பார்கள். மூட்டு வீங்கி விறைத்துப்போகிற ருமட்டாய்டு வாதத்துக்கும் இதே மாத்திரைதான்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நல்ல மருந்து. பழைய மருந்து. விலையும் குறைவு. ஆனால் தோலுக்கும் மூட்டுக்கும் கொடுக்கும்போது இதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே அந்த ஒரு நாள் என்ன கிழமை என்பதை டாக்டரின் சீட்டிலும் மருந்துக் கடை உறையிலும் தமிழில், முழு எழுத்தில் எழுதித் தர வேண்டும். இது என் கட்சி.

நான் டாக்டர் இல்லை. கருவூலத்தில் எழுத்தராகச் சேர்ந்து முப்பத்து நாலு வருஷம் பில்லும் வவுச்சரும் பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் இந்த மாத்திரையோடு எனக்கு ஆறு வருஷப் பழக்கம் உண்டு. சொரியாசிஸ் வந்து இருபது வருஷம் ஆகிறது. முழங்கை, முழங்கால், தலை, முதுகு என்று ஒவ்வொரு இடமாகப் பிடித்தது. மேலுக்குப் பூசுகிற களிம்புகளும், வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து எடுக்கிற அந்த ஊதா நிறத் தைலமும் சில வருஷம் கைகொடுத்தன. பிறகு போதவில்லை. கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வார். சலூனில் துண்டைப் போர்த்தும் முன் ஒரு நிமிஷம் யோசிப்பார்கள். இது ஒட்டுகிற வியாதி இல்லை என்று எத்தனை பேரிடம் சொல்ல முடியும்? அந்த நிலையில்தான் தோல் டாக்டர் இந்த மாத்திரையை ஆரம்பித்தார். நாலைந்து மாதத்தில் நான் மறுபடியும் அரைக்கை சட்டை போட்டேன். அதனால் இந்த மருந்தின் மேல் எனக்கு நன்றி உண்டு. பகை இல்லை.

இதன் கதையில் நம் ஊர்ப் பக்கத்துச் சம்பந்தமும் இருக்கிறது. பலருக்குத் தெரியாது.

லூசி வில்ஸ் என்று ஒரு ஆங்கிலேயப் பெண் மருத்துவர். இந்தியாவில் கர்ப்பிணிகளுக்கு வந்த ஒருவகை ரத்தசோகையை ஆராய 1928-ல் பம்பாய்க்கு வந்தார். 1929-ல் மேட்டுப்பாளையத்துக்கு மேலே, குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் சில மாதம் வேலை செய்தார். 1931-ல் சென்னையில், இன்றும் பழைய ஆட்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்கிற திருவல்லிக்கேணி மருத்துவமனையில் வேலை பார்த்தார். ஈஸ்ட் சத்தில் செய்த மார்மைட் என்கிற கரிய பசையைக் கொடுத்தால் அந்த ரத்தசோகை தீர்கிறது என்று அவர் கண்டுபிடித்தார். அதில் இருந்த சத்து எது என்று அப்போது யாருக்கும் தெரியாது. பிற்பாடு 1941-ல் கீரையிலிருந்து பிரித்தெடுத்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் ஃபோலியும் என்றால் இலை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு ஃபேய் என்ற பிரெஞ்சுச் சொல் உடனே ஞாபகத்துக்கு வந்தது. அதுவும் இலைதான்.

அடுத்து வருகிறவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அன்றைய சென்னை மாகாணத்தில் பீமவரத்தில் 1895-ல் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். காந்தி சொன்னார் என்று கதர் அங்கி போட்டுக்கொண்டு அறுவை வகுப்புக்குப் போனது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். என்கிற சின்னப் பட்டத்தோடு வெளியே வந்தார். 1922-ல் அமெரிக்கா போய் ஹார்வர்டில் படித்து, 1940-ல் லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். ஃபோலிக் அமிலத்தை ஆய்வுக்கூடத்திலேயே செய்து எடுத்தது அவர் தலைமையில் இருந்த குழு. யானைக்கால் நோய்க்கு நம் ஊரில் வீடு வீடாகக் கொடுத்தார்களே, அந்த டி.இ.சி. மாத்திரையும் அவர் குழுவின் வேலைதான்.

ஃபோலிக் அமிலத்தைச் செய்த அதே குழு, அதைப் போலவே தோற்றம் காட்டி உடம்பை ஏமாற்றி அதன் வேலையைத் தடுக்கிற பொருட்களையும் செய்தது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் அவற்றில் ஒன்றான அமினோப்டெரினை ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 10 குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அவர் அதை எழுதி வெளியிட்டது 1948 ஜூனில். அதே வருஷம் ஆகஸ்டில் சுப்பாராவ் தமது 53-வது வயதில் காலமானார். அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட்.

1951-ல் ரிச்சர்ட் குப்னர் என்பவர் மூட்டு வாதக்காரர்களுக்கு அமினோப்டெரின் கொடுத்தபோது, ஒரு நோயாளியின் சொரியாசிஸ் படைகள் மறைவதைக் கவனித்தார். எதற்கோ கொடுத்த மருந்து எதையோ குணமாக்கியது. பிறகு அமினோப்டெரின் போய் மெத்தோட்ரெக்ஸேட் வந்தது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசு அதைச் சொரியாசிஸுக்கு அனுமதித்தது. மூட்டு வாதத்துக்கு 1988-ல்.

இத்தனை கதையும் எதற்கு என்றால், இந்த மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்பது இதில்தான் இருக்கிறது. புது உயிரணுக்கள் பிறக்க ஃபோலிக் அமிலம் வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் அதைத் தடுக்கிறது. நம் மேல்தோல் உதிர்ந்து புதிதாவதற்குச் சாதாரணமாக ஒரு மாதம் போல ஆகும். சொரியாசிஸில் அதே காரியம் நாலைந்து நாளில் நடந்துவிடுகிறது. அதனால்தான் செதில் செதிலாகக் கொட்டுகிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி வழி தவறிப்போய்த் தோலை இப்படி விரட்டுகிறது. சிறு அளவு மெத்தோட்ரெக்ஸேட் அந்த விரட்டலை அடக்குகிறது. ஆனால் உடம்பில் வேகமாகப் புதுப்பிக்கிற இடங்கள் வேறு சிலவும் உண்டு: வாயின் உள்தோல், குடல், ரத்தம் உற்பத்தியாகிற எலும்பு மஜ்ஜை. மருந்து அவற்றையும் தொடும். வாரம் ஒருமுறை தொட்டால் மீதி ஆறு நாளில் அவை தேறிக்கொள்ளும். தினமும் தொட்டால் தேற இடமே இல்லை.

பி.ஏ.பி. வாய்க்கால் பாசனத்தில் தோட்டம் வைத்திருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். முறைவைத்துத் தண்ணீர் விடுகிற மடையை ஆள் இல்லாமல் பத்து நாளும் திறந்து வைத்தால் வயல் என்னாகும்? குறை சொல்லத் தண்ணீரில் ஒன்றும் இல்லை. மடையைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது நடந்த ஒரு சங்கதிக்கு வருகிறேன். என்னோடு அலுவலகத்தில் இருந்தவர், என்னைவிட நாலு வயது சின்னவர். ஓய்வுக்குப் பிறகு சூலூர்ப் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறார். அவருக்கும் சொரியாசிஸ். டாக்டர் 10 மில்லிகிராம் மாத்திரை, வாரம் ஒன்று என்று ஆங்கிலத்தில் சரியாகத்தான் எழுதியிருந்தார். கடையில் கூட்டம். கவுண்டரில் இருந்த பையன் மாத்திரையை உறையில் போட்டு, உறையில் அச்சடித்திருந்த காலை, மதியம், இரவு என்கிற மூன்று கட்டத்தில் காலைக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிட்டான். இவர் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரையோடு சேர்த்து இதையும் தினம் காலையில் விழுங்கினார்.

ஆறாம் நாள் வாயெல்லாம் புண். நான் போனில் கேட்டபோது அவர் மனைவிதான் எடுத்தார்.

"வெயில் சூடுங்கண்ணா, வேறொன்னுமில்லீங்க. மணத்தக்காளிக் கீரை வெச்சுக் குடுத்துட்டிருக்கறனுங்க. மோருதான் எறங்குது, சோறு எறங்க மாட்டேங்குதுங்க."

எந்த வீட்டிலும் அப்படித்தான் நினைப்பார்கள். சித்திரை மாதத்தில் வாய்ப்புண் வந்தால் சூடு என்பதுதான் நமக்குப் பழக்கம். பத்தாம் நாள் காய்ச்சல் வந்தது. படைகளே புண்ணாகி ரத்தம் கசிந்தது. மகன் காரில் போட்டுக் கோவைக்குக் கொண்டுவந்தான். அன்று பணியில் இருந்த இளம் டாக்டர், வீட்டில் என்னென்ன மருந்து சாப்பிடுகிறார், எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள் என்றாராம். மகன் கொண்டுபோய்க் கொட்டியதில் ஒரு பத்து மாத்திரை அட்டை காலியாக இருந்தது. பத்து வாரத்துக்கான அட்டை. அதைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்கு விளங்கிவிட்டது. ரத்த வெள்ளை அணு, தட்டணு எல்லாம் அதலபாதாளத்தில். லூகோவோரின் என்ற முறிவு மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். அதுவும் ஃபோலிக் அமிலத்தின் உறவுக்காரன்தான். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார்.

பிழைத்தாரே தவிர, பயம் பிழைக்க விடவில்லை. "இங்கிலீசு மருந்தே இனி வேண்டாமுங்க" என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். படைகள் திரும்பி வந்துவிட்டன. இப்போது முழுக்கை சட்டைதான். விசேஷங்களுக்கு வருவதில்லை. ஒரு கோடு, அதுவும் பேனாக் கோடு, ஒரு மனிதரை மூன்று வாரம் படுக்கையில் போட்டது. அதோடு விடாமல், அவருக்கு உதவியிருக்கக்கூடிய மருந்தையும் அவரிடமிருந்து பறித்துவிட்டது. இந்த இரண்டாவது நஷ்டத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

அந்தப் பையனைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. அந்த உறையை எடுத்துப் பாருங்கள். அதில் வாரம் என்று எழுத இடமே இல்லை. காலை, மதியம், இரவு, அவ்வளவுதான். மருந்து என்றால் தினமும் சாப்பிடுவது என்று அச்சடித்தவர் முடிவு செய்துவிட்டார். சீட்டில் டாக்டர்கள் எழுதுகிற ஒன்று-பூஜ்யம்-பூஜ்யம் என்ற குறியும் அப்படியே. ஆயிரம் மருந்துக்கு அது சரி. இந்த மருந்துக்கு அது பொறி. விதிவிலக்கான ஒன்றை வழக்கமான படிவத்தில் அடைத்தால் தப்பு வரும் என்பது ஆபீஸ் வேலை பார்த்த ஒவ்வொருவருக்கும் தெரியும்.

கருவூலத்தில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம், தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுவது. 500 என்று எண்ணில் மட்டும் இருந்தால் பில் திரும்பிப் போகும். ஐந்நூறு மட்டும் என்று எழுத்திலும் வேண்டும். போதாததற்கு, பில்லின் குறுக்கே சிவப்பு மையில், இன்ன தொகைக்கு உட்பட்டது என்று ஒரு ரூபாய் கூட்டி எழுத வேண்டும். எண்ணில் ஒரு பூஜ்யம் சேர்ப்பது சுலபம், எழுத்தில் சேர்ப்பது கஷ்டம். 1881-ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டம் இன்றும் இதைத்தான் சொல்கிறது: காசோலையில் எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தே செல்லும். ஐந்நூறு ரூபாய்க்கு இத்தனை காவல். ஒரு உயிருக்கு ஒரு பேனாக் கோடா?

மொழியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பிரெஞ்சில் ஒரு வாரத்தை எட்டு நாள் என்பார்கள், இரண்டு வாரத்தைப் பதினைந்து நாள் என்பார்கள். பள்ளியில் எங்கள் வாத்தியார் இதைச் சொல்லித் தந்தபோது வகுப்பில் யாரும் ஆச்சரியப்படவில்லை. நம் வீட்டிலும் இன்றைக்கு எட்டாம் நாள் என்றால் அடுத்த வாரம் இதே கிழமைதானே? ஆனால் எட்டு நாளைக்கு ஒன்று என்று வாயால் சொல்லி மாத்திரையைக் கொடுத்தால், ஒருவர் எட்டு நாளும் சாப்பிடுவார், இன்னொருவர் எட்டு எட்டாக எண்ணுவார். வாரம் ஒன்று என்றாலும் காது மந்தமான ஒருவருக்கு அது நாளும் ஒன்று என்று விழலாம். செவ்வாய்க்கிழமை என்று சொல்லிவிட்டால் தப்பாகக் கேட்பது கஷ்டம். எண்ணை மறக்கலாம், கிழமையை மறப்பது அரிது. புளியம்பட்டிச் சந்தை என்றால் வியாழக்கிழமை என்பது எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரியும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற கிழமை, அம்மன் கோயிலுக்குப் போகிற கிழமை, ஊர்ச் சந்தை கூடுகிற கிழமை என்று நம் வாழ்க்கையே கிழமையில்தான் கட்டியிருக்கிறது. அதை ஏன் பயன்படுத்தக் கூடாது?

இது என் சொந்தக் கற்பனை இல்லை. உலகம் முழுவதும் இந்தத் தப்பு நடந்து, ஆட்கள் செத்து, அதற்குப் பிறகு சில நாடுகள் விழித்துக்கொண்டிருக்கின்றன. 2019-ல் ஐரோப்பிய மருந்து முகமை, மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரைப் பெட்டியின் மேலேயே வாரம் ஒருமுறை என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும், நோயாளிக்கு ஒரு அட்டை கொடுக்க வேண்டும் என்று சொன்னது. 2020-ல் பிரிட்டன், எந்தக் கிழமை என்று நோயாளியோடு பேசி முடிவு செய்து, சீட்டில் அந்தக் கிழமையைச் சுருக்காமல் முழுப் பெயராக எழுதுங்கள் என்று டாக்டர்களுக்குச் சொன்னது. பிரான்ஸில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்கும் மூட்டு வாதம், அவனுக்கும் இதே மருந்து. வீடியோவில் பெட்டியைக் காட்டச் சொன்னேன். வாரத்தில் ஒரு நாள் என்று எச்சரிக்கை, அதன் கீழே கிழமையை எழுதிக்கொள்ள ஒரு வெற்றிடம். அவன் அதில் மர்தி, அதாவது செவ்வாய் என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறான். நம் ஊரில் 2016-லேயே இந்திய மருத்துவக் கவுன்சில், மருந்தின் மூலப் பெயரைப் புரியும்படி, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று விதி போட்டது. பெயர் புரிந்தால் போதுமா? எப்போது சாப்பிடுவது என்பதும் புரிய வேண்டாமா?

பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. இந்த மருந்தோடு ஃபோலிக் அமில மாத்திரையும் கொடுப்பார்கள், வாய்ப்புண், குமட்டல் முதலிய தொல்லை குறைவதற்காக. முள்ளும் முள்வாங்கியும் ஒரே பெட்டியில் இருக்கிற மாதிரி. கடையில் கிடைக்கிற ஃபோலிட்ராக்ஸ் என்பது மெத்தோட்ரெக்ஸேட், ஃபோல்வைட் என்பது ஃபோலிக் அமிலம். இரண்டும் ஃபோ என்றே ஆரம்பிக்கின்றன. ஃபோலிக் அமிலத்தைச் சிலருக்கு வாரம் ஒன்று என்பார்கள், சிலருக்கு மருந்து நாள் தவிர மற்ற நாளெல்லாம் என்பார்கள். இரண்டையும் இடம் மாற்றிச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

சரி, இவ்வளவு ஆபத்தானதை ஏன் சாப்பிட வேண்டும் என்று கேட்பீர்கள். என் மருமகளும் கேட்டாள். "மாமா, நெட்ல பார்த்தேன், இது கேன்சர் மருந்துன்னு போட்டிருக்கு." போட்டிருப்பது உண்மைதான். ஆனால் புற்றுநோய்க்குப் பெரிய அளவில் கொடுப்பது வேறு, தோலுக்கு வாரம் 7.5-லிருந்து 25 மில்லிகிராமுக்குள் கொடுப்பது வேறு. சொரியாசிஸுக்கு இப்போது வந்திருக்கிற புதிய ஊசிகள் நன்றாகக் கேட்கின்றன என்கிறார்கள். அவற்றின் விலையைக் கேட்டால் பென்ஷன்காரனுக்கு வேறு வியாதி வந்துவிடும். மெத்தோட்ரெக்ஸேட்டின் ஒரு மாதச் செலவு, குடும்பத்தோடு ஓட்டலில் ஒருவேளை சாப்பிடுவதற்குள் அடங்கும். எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் மனிதர்கள் சாப்பிட்டுப் பார்த்த மருந்து. அதன் குணமும் தோஷமும் இரண்டுமே டாக்டர்களுக்கு அத்துப்படி. தெரிந்த ஆபத்துக்குக் காவல் போடலாம்.

அந்தக் காவலைப் பற்றி, எனக்கு என் டாக்டர் சொன்னதையும் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். ஆரம்பிக்கும் முன் ரத்த அணு, கல்லீரல், சிறுநீரகம் பார்க்க வேண்டும். காசநோய் உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று மார்பு எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். பிறகும் குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தப் பரிசோதனை வேண்டும். நன்றாகத்தான் இருக்கிறேன் என்று அதைத் தள்ளிப்போடக் கூடாது. இந்த மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. நம் வயதில் சிறுநீரகம் இளசு இல்லை. வயிற்றுப்போக்கு, வாந்தி, கடும் வெயிலில் நீர் வற்றுவது என்று ஏதாவது வந்தால், அந்த வாரத்து மாத்திரையைச் சாப்பிடும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும். மூட்டு வலி என்று கடையில் நாமே வாங்கிப் போடுகிற வலி மாத்திரைகள் சிலவும் இதோடு சேர்ந்தால் தொல்லை. முக்கியமாக, சிறுநீர்த் தொற்றுக்கும் சளிக்கும் கொடுக்கிற செப்ட்ரான் வகை மாத்திரை இதோடு சேரவே கூடாது. அதுவும் ஃபோலிக் அமிலத்தின் வேலையில்தான் கை வைக்கிறது. ஆகவே எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டர் உட்பட, முதல் வாக்கியமே நான் மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறேன் என்பதாக இருக்கட்டும். மது ஆகாது, கல்லீரலைக் கெடுக்கும். வீட்டில் குழந்தை பெறும் வயதில் யாருக்காவது இந்த மருந்து எழுதினால், ஆணோ பெண்ணோ, டாக்டரிடம் அதைக் கட்டாயம் பேச வேண்டும். கர்ப்பிணிகள் சாப்பிடவே கூடாது. கருவுக்குப் பெருங்கேடு.

வாய்ப்புண், காரணமில்லாத காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் ரத்தக் கன்றல், புதிதாக வறட்டு இருமல், மூச்சுத் திணறல் - இவற்றில் ஒன்று வந்தாலும் மணத்தக்காளிக் கீரை பிறகு, டாக்டர் முதலில். மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துப் போங்கள். அதேபோல, நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது பயந்து நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

ஒரு ஆட்சேபம் வரும். டாக்டருக்கு நேரம் எங்கே? பெரியாஸ்பத்திரியில் காலை வரிசையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் நியாயம் தெரியும். ஒரு டாக்டர் ஒரு நாளில் எத்தனை பேரைப் பார்க்கிறார்! உண்மைதான். ஆனால் செவ்வாய்க்கிழமை என்று எழுத எத்தனை விநாடி ஆகும்? நானே கடிகாரம் வைத்துப் பார்த்தேன், மூன்று விநாடி. அதற்கும் நேரம் இல்லை என்றால் ரப்பர் ஸ்டாம்ப் இருக்கிறது. எழுத்தர் ஜாதிக்கு ரப்பர் ஸ்டாம்பை விட்டால் வேறு என்ன ஆயுதம்? டவுன்ஹால் பக்கத்தில் ஒன்று செய்யக் கொடுத்தேன். வாசகம் இதுதான்: வாரத்தில் ஒரு நாள் மட்டும், கீழே ஒரு கோடு, கோட்டின் முடிவில் கிழமை. நான் வழக்கமாக மருந்து வாங்குகிற கடைக்காரரிடம் கொடுத்தேன். முதலில் சிரித்தார். ஆனால் வாங்கி வைத்துக்கொண்டார். இப்போது அந்த மாத்திரைக்கு வருகிற எல்லோருடைய உறையிலும் குத்திக் கிழமையை எழுதிக் கொடுக்கிறார். மூன்று கட்டத்தையும் பேனாவால் அடித்துவிடுகிறார்.

அரசு ஆஸ்பத்திரி உறைகளில் நாலாவதாக ஒரு கட்டம் அச்சடித்தால் இன்னும் நல்லது. இதற்குப் புதுச் சட்டமோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. அடுத்த தடவை அச்சுக்கு அனுப்பும்போது ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. எங்கள் ஓய்வூதியர் சங்கத்தின் சார்பில் ஒரு மனு தயாரித்திருக்கிறேன். மாதிரி உறையும் வரைந்து இணைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட விருப்பம் உள்ளவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியை இன்றைக்கே திறந்து பாருங்கள். மெத்தோட்ரெக்ஸேட் இருந்தால் அதைத் தினசரி மாத்திரைகளோடு வைக்காமல் தனி டப்பாவில் வையுங்கள். டப்பாவின் மேல் கிழமையைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். சுவரில் தொங்குகிற காலண்டரில் அந்தக் கிழமைகளை வட்டம் போட்டு, சாப்பிட்டதும் அடித்துவிடுங்கள். ஒரு வாரம் மறந்துபோனால் அடுத்த வாரம் இரட்டையாகச் சாப்பிட வேண்டாம், போன் போட்டு டாக்டரைக் கேளுங்கள். மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர் பேரனோ வேலைக்கு வரும் அம்மாவோ யாராக இருந்தாலும், அவருக்கும் கிழமையைச் சொல்லி வையுங்கள். கண் சரியாகத் தெரியாத பெரியவர்கள் அக்கம்பக்கத்தில் இருந்தால், போய் ஒரு எட்டு அவர்கள் அட்டையையும் பார்த்துவிட்டு வாருங்கள். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது சீட்டை வாங்கிக்கொண்டு உடனே எழுந்துவிடாதீர்கள். "எந்தக் கிழமைங்க டாக்டர்? தமிழ்ல எழுதிக் குடுத்துருங்க" என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

எனக்கு வெள்ளிக்கிழமை.